ஐப்பசி இரவில் ஒரு படம் வந்து சேர: சென்சார் வலையும் சேவைத் தரமும்

வெண்ணாற்றின் கிளை ஒன்றில், ஊர்க்காரர்கள் சட்ரஸ் என்று சொல்லும் ரெகுலேட்டருக்கு மேல்புறம், ராத்திரியில் தண்ணீர் மட்டம் முக்கால் அடி ஏறிவிட்டதாக ஒரு சென்சார் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மேலே மழை பெய்து ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கலாம். அப்படியானால் ஷட்டரைத் தூக்க வேண்டும். இல்லையென்றால், வெங்காயத்தாமரை மிதந்து வந்து ஷட்டர் வாயில் அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஷட்டரை எவ்வளவு தூக்கினாலும் பெரிய பயன் இல்லை. ஆளையும் பொக்லைனையும்தான் அனுப்ப வேண்டும். மட்டம் காட்டும் எண் இரண்டுக்கும் ஒன்றேதான். ஒரு படம் இருந்தால் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிடும்.

எண்ணை அனுப்பும் சென்சார் வலையில் படத்தையும் ஒலியையும் அனுப்ப வேண்டும் என்ற ஆசை இப்படித்தான் பிறக்கிறது. ஆய்வுலகில் இதற்கு ஏறக்குறைய இருபது வயது. 2005-ல் சைக்ளாப்ஸ் என்ற குட்டிக் கேமராவைச் சென்சார் கணுவோடு (சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சிறு கருவி) இணைத்து 352-க்கு 288 புள்ளி அளவில் படம் எடுத்துக் காட்டினார்கள். 2007-ல் இயான் அக்யில்டிஸ், டொமாசோ மெலோடியா, கௌசிக் சௌத்ரி மூவரும் இத்துறையைத் தொகுத்து எழுதிய பிறகு ஆய்வுகள் குவிந்தன. அவற்றில் பலவும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: இத்தனை ஒல்லியான வலையில் சேவைத் தரத்துக்கு எப்படி உத்தரவாதம் கொடுப்பது?

சேவைத் தரம் என்று பாடத்தில் சொல்வது நான்கு அளவுகளை. தாமதம், அந்தத் தாமதம் ஏறி இறங்கும் ஆட்டம், வழியில் தொலையும் பாக்கெட்டின் (தரவைத் துண்டாக்கி அனுப்பும் சிறு பொட்டலத்தின்) விகிதம், விநாடிக்கு எத்தனை பிட் போகிறது என்பது. வீட்டு இன்டர்நெட்டுக்கு இவை போதும். சென்சார் வலைக்கு ஐந்தாவதாக மின்சாரத்தைச் சேர்த்தாக வேண்டும். மற்ற நான்கையும் ஆட்டிவைப்பது அதுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் ரேடியோ தரம் ஐ.இ.இ.இ. 802.15.4; ஜிக்பீ இதன் மேல்தான் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இதன் வேகம் விநாடிக்கு 250 கிலோபிட். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 127 பைட். முகவரி முதலியவை போக உள்ளே வைக்கச் சுமார் 100 பைட் கிடைக்கும். நீர்மட்ட அளவுக்கு இரண்டு பைட் போதும். 640-க்கு 480 புள்ளி ஜேபெக் படம் சுமாராக 40 கிலோபைட் என்று கொள்வோம். ஆக, அது 400 பாக்கெட். ஒரு எண்ணோடு ஒப்பிட்டால் இருபதாயிரம் மடங்கு சுமை.

லோரா என்ற நெடுந்தூர ரேடியோவில் அனுப்பலாமே என்று இப்போதெல்லாம் கேட்கிறார்கள். பல கிலோமீட்டர் போகும், மின்சாரம் குறைவு, இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். எல்லாம் சரிதான். ஆனால் லோராவான் முறையில் மிகத் தூரம் போகும் அமைப்பில் ஒரு செய்திக்கு 51 பைட்தான் அனுமதி. அது காற்றில் போய்ச் சேர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அதே 40 கிலோபைட் படம் இதில் அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

சரி, 802.15.4-க்கே வருவோம். டெல்டாவில் வலை எப்படிப் போகும்? ஆற்றங்கரை, வாய்க்கால் கரை ஓரமாகக் கம்பம் நட்டு ஒரே வரிசையாகப் போகும். நடுவயலில் கம்பம் நட்டால் உழவுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் இடைஞ்சல், யாரும் விடமாட்டார்கள். எனவே கணுக்கள் சங்கிலி மாதிரி நிற்கும். ஒன்று அடுத்ததிடம் கொடுக்க, அது அதற்கடுத்ததிடம் கொடுக்க, கடைசியில் கரண்டும் இன்டர்நெட்டும் இருக்கும் கேட்வேயில் போய்ச் சேரும். ஒரு ரேடியோ ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. அதோடு, பக்கத்துக் கணு பேசும்போது அதே சேனலில் நாமும் பேசினால் இரண்டும் கெடும். ஆகவே சங்கிலியில் கிடைக்கும் வேகம் தாளில் இருக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும்.

இதற்கு 2012-ல் அந்தத் தரத்திலேயே ஒரு வழி சேர்த்தார்கள். நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இந்தத் துண்டில் இன்னார் இன்னாரிடம் இந்தச் சேனலில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவது. ஒரு துண்டு பொதுவாக 10 மில்லிவிநாடி. நடுவில் இருக்கும் கணு ஒரு பாக்கெட்டை வாங்க ஒரு துண்டு, கொடுக்க ஒரு துண்டு. 400 பாக்கெட்டுக்கு 800 துண்டு, அதாவது 8 விநாடி. பத்துக் கணு தாண்டினாலும் வரிசை ஓட ஆரம்பித்துவிட்டால் மொத்தமும் ஒன்பது விநாடிக்குள் முடிந்துவிடும். ஷட்டர் படத்துக்கு இது தாராளம். ஆனால் இது எதுவும் தொலையாத, எல்லாத் துண்டும் நமக்கே கிடைத்த, கரண்டைப் பற்றிக் கவலைப்படாத கணக்கு.

கரண்டுக்கு வருவோம். இத்துறையில் வெகுகாலம் கோலோச்சிய சிசி2420 ரேடியோ சில்லு முழுச் சக்தியில் பேசும்போது இழுப்பது 17.4 மில்லிஆம்பியர். சும்மா காதைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம். இதனால் மிச்சம் பிடிக்க ஒரே வழி ரேடியோவைத் தூங்க வைப்பதுதான். இரண்டு விநாடிக்கு ஒருமுறை கண் விழிக்கும் கணுவிடம் செய்தி கொடுக்க, சராசரியாக ஒரு விநாடி காத்திருக்க வேண்டும். ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்; பத்துத் தாவலுக்குப் பத்து விநாடி, முதல் பாக்கெட் போய்ச் சேருவதற்கே. தூக்கத்தைக் கூட்டினால் தாமதம் கூடும். தாமதத்தைக் குறைத்தால் பேட்டரி இறங்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. காவிரிப் பாசனத்தில் கஷ்டம் எப்போதும் கடைமடைக்காரருக்குத்தான். தலைமடையில் இருப்பவருக்கு முதலில் பாயும், மிச்சம் இருந்தால் கீழே போகும். சென்சார் சங்கிலியில் ஓட்டம் எதிர்த்திசையில். பத்துக் கணுவும் ஆளுக்கொரு படம் அனுப்பினால், கடைசியில் இருக்கும் கணு தன் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும். கேட்வேயை ஒட்டி இருக்கும் கணு ஒன்பது படத்தை வாங்கி, பத்துப் படத்தை அனுப்ப வேண்டும். தலைமடைக் கணுதான் முதலில் சாகும். அது செத்தால் பின்னால் இருப்பவை பேட்டரி நிறைய வைத்துக்கொண்டு ஊமையாகிவிடும். எல்லாக் கம்பத்துக்கும் ஒரே அளவு சோலார் தகடு, ஒரே பேட்டரி என்று வாங்கிப் போடுவது டெண்டர் எழுத வசதி, வேலைக்கு ஆகாது. கேட்வேக்குப் பக்கத்து இரண்டு மூன்று கம்பத்துக்கு மட்டும் தகடும் பேட்டரியும் இரட்டிப்பாக வைப்பது, எத்தனையோ நுட்பமான வழித்தடத் திட்டங்களைவிடப் பலன் தரும்.

வழித்தடத் திட்டங்களைக் கேலி செய்யவில்லை. 2003-ல் தியான் ஹெ முதலானோர் வெளியிட்ட ஸ்பீடு என்ற முறை மிக அழகானது. பாக்கெட்டுக்குக் கெடு வைப்பதற்குப் பதிலாக, மீட்டர் கணக்கில் வேகம் வைத்தார்கள். கேட்வே 1,200 மீட்டரில் இருக்கிறது, 3 விநாடியில் போக வேண்டும் என்றால் தேவையான வேகம் விநாடிக்கு 400 மீட்டர். என் அண்டைக் கணு ஒன்று பாக்கெட்டை 80 மீட்டர் முன்னே கொண்டுபோக 0.1 விநாடி எடுத்தால் அதன் வேகம் 800, கொடுக்கலாம். அதே 80 மீட்டருக்கு 0.4 விநாடி எடுத்தால் 200 தான். அதை ஒதுக்கிவிட்டு வேறு கணுவைப் பார்க்க வேண்டும். வலை முழுவதையும் அறிந்திருக்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களை அறிந்தால் போதும். 2006-ல் இதை விரித்து, அவசரத்துக்கு ஏற்பப் பல வேக நிலைகளையும், முக்கியமான பாக்கெட்டைப் பல வழியில் அனுப்பும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். ஆனால் இதெல்லாம் கணுக்கள் மைதானத்தில் சிதறிக் கிடந்தால்தான். வாய்க்கால் கரையில் ஏது இன்னொரு வழி? ஒன்றுவிட்டு ஒன்றைத் தாவ ரேடியோவுக்கு எட்டுமானால் மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஆய்வுக்கட்டுரையை நம்பி இறங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதில் உள்ள வலை வரைபடத்தை.

இப்போது தொலைதல். இந்தத் தரத்தில் ஒரு பாக்கெட் போய்ச் சேரவில்லையென்றால் இயல்பு அமைப்பில் மூன்று முறை திரும்ப முயலும்; ஆக நான்கு வாய்ப்பு. ஒரு தாவலில் ஒரு முயற்சி வெல்ல 90 சதவீத வாய்ப்பு என்றால், நான்கும் தோற்பது பத்தாயிரத்தில் ஒன்று. 400 பாக்கெட், பத்துத் தாவல், மொத்தம் 4,000 கடத்தல். ஒரு படத்துக்கு ஒரு பாக்கெட்கூடத் தொலையாது, இரண்டு மூன்று படத்துக்கு ஒன்று போகலாம். அதே வெற்றி வாய்ப்பு 70 சதவீதமாக இறங்கட்டும். நான்கும் தோற்பது ஆயிரத்தில் எட்டு ஆகிவிடும். அதே 4,000 கடத்தலில் ஒரு படத்துக்கு 32 பாக்கெட் காணாமல் போகும். தொடர்பு கொஞ்சம்தானே மோசமானது என்று தோன்றும். படம் மொத்தமாகப் போயிருக்கும். சாதாரண ஜேபெக்கில் நடுவில் ஒரு துண்டு போனால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியெல்லாம் நிறம் மாறி, இடம் பெயர்ந்து நிற்கும். இடையிடையே மீண்டும் தொடங்கும் குறி போட்டு வைத்தால் சேதம் அந்தப் பட்டைக்குள் நிற்கும், அவ்வளவுதான். வீடியோ இன்னும் மோசம். முழுப் பிரேம் ஒன்று, பிறகு அதிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் சொல்லும் சிறு பிரேம்கள் பல என்று போகும். முழுப் பிரேம் தொலைந்தால் அடுத்த முழுப் பிரேம் வரும்வரை வந்ததெல்லாம் வீண்.

ஆகவே எல்லாப் பாக்கெட்டும் ஒன்றல்ல என்பதில்தான் சேவைத் தரம் உண்மையாகத் தொடங்குகிறது. வைஃபையில் 2005 முதலே குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வரிசை உண்டு. குரலுக்கு முதல் உரிமை. அந்தப் பகுப்பை அப்படியே சென்சார் வலைக்குக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. குரலும் வீடியோவும் அங்கே முன்னால் நிற்பதற்குக் காரணம் இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது. பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடியைத் தாண்டக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். வாய்க்காலோடு யாரும் உரையாடப் போவதில்லை. இங்கே முதல் உரிமை அந்த இரண்டு பைட் மட்ட அளவுக்குத்தான். படம் அதற்குப் பின்னால்.

படத்துக்குள்ளும் இதே கேள்வியைக் கேட்கலாம். வெங்காயத்தாமரையா தண்ணீரா என்று தெரிய 640-க்கு 480 எதற்கு? 160-க்கு 120 அளவில் கறுப்பு-வெள்ளைச் சிறுபடம் போதும். அது இரண்டு கிலோபைட் சொச்சம், இருபது பாக்கெட் சொச்சம். இதில் இயற்கையே ஒரு கைகொடுக்கிறது. இரவில் கேமரா பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியைப் பச்சை இலை நன்றாகத் திருப்பி அனுப்பும். தண்ணீர் பெரும்பாலும் விழுங்கிவிடும். பகல் படத்தில் பச்சையும் கலங்கலுமாகக் குழம்பிக் கிடப்பது, ராத்திரிப் படத்தில் வெள்ளைத் திட்டும் கறுப்புப் பரப்புமாகப் பளிச்சென்று பிரிந்து நிற்கும். இந்த வேலைக்குப் பெரிய பகல் படத்தைவிடச் சின்ன இரவுப் படம் மேல்.

அந்த இருபது பாக்கெட்டுக்குச் செலவு பாராமல் காவல் போடலாம். ரீடும் சாலமனும் 1960-ல் கண்ட குறியீட்டு முறைப்படி இருபதோடு பத்து உபரிப் பாக்கெட் சேர்த்து அனுப்பினால், முப்பதில் எந்த இருபது வந்தாலும் படத்தை மீட்டுவிடலாம். திரும்ப அனுப்பு என்று பத்துத் தாவல் தாண்டிக் கேட்க வேண்டியதில்லை. கூடுதல் செலவு பத்தே பாக்கெட். பிறகு அவகாசமும் பேட்டரியும் இருந்தால், அதே படத்தின் நுணுக்கங்களை அடுக்கடுக்காக அனுப்பிக்கொள்ளலாம். நடுவில் நிறுத்தினாலும் கையில் ஒரு படம் இருக்கும். கெடு தாண்டிய பாக்கெட்டை வழியிலேயே தூக்கி எறிந்துவிட வேண்டும். பயனில்லாத ஒன்றை ஐந்து தாவல் சுமந்துபோனதற்கும் பேட்டரி அதே விலையைத்தான் வாங்கும்.

கேமராவை எப்போது விழிக்க வைப்பது என்பதும் இதே பாட்டில்தான் வரும். 2005-ல் வந்த சென்ஸ்ஐ என்ற ஏற்பாடு இதைப் படிநிலையாகச் செய்தது: குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னக் கண் எதையோ கண்டால்தான் பெரிய கேமரா கண் திறக்கும். டெல்டாவில் சின்னக் கண்கூட வேண்டாம், மட்ட அளவே போதும். கால் மணி நேரத்தில் மட்டம் வழக்கத்துக்கு மாறாக ஏறினால் ஒரு படம். இல்லையென்றால் கேமரா தூங்கட்டும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. தொலைபேசித் தரத்தில் ஒலிக்கு விநாடிக்கு 64 கிலோபிட் வேண்டும். பல தாவல் சங்கிலியில் அதை விடாமல் அனுப்ப நினைப்பதே வீண். கொள்ளிடக் கரையில் ராத்திரி மணல் அள்ள வரும் வண்டிச் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமானால், கணுவே சத்தத்தை அலசி, ‘கனரக வண்டி, இத்தனை மணி’ என்று ஒரு பாக்கெட் அனுப்பினால் போதும். சாட்சிக்கு வேண்டிய ஒலித்துண்டு அங்கேயே மெமரி அட்டையில் கிடக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

படத்தைச் சுருக்கும் வேலையைக் கணுவிடமிருந்து பிடுங்கிக் கேட்வேயில் வைக்கலாம் என்று ஒரு கோட்பாடும் உண்டு. ஸ்லெப்பியனும் உல்ஃபும் 1973-லும், வைனரும் ஸிவ்வும் 1976-லும் நிறுவிய தேற்றங்கள் அதற்கு அடிப்படை. கணிதமாகப் பார்த்தால் அபாரம். ஆனால் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவி2640 கேமராச் சில்லே ஜேபெக்காகச் சுருக்கித் தந்துவிடுகிறது. களத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதுவரை சொன்ன எண்ணெல்லாம் நல்ல நாளின் எண். டெல்டாவில் இந்த வேலைக்குக் கருவி பதிக்கத் தோதான காலம் கோடை. மேட்டூர் திறக்கும் வழக்கமான ஜூன் 12-க்கு முன்னால் வாய்க்கால் வறண்டு கிடக்கும், வயல் மொட்டையாக இருக்கும், கம்பம் நடலாம். அப்போது சோதித்துப் பார்த்தால் எல்லாம் அருமையாக வேலை செய்யும். இந்த வலை தேவைப்படுவது அப்போதல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், சம்பா நின்றுகொண்டிருக்கும்போது.

அந்த மாதங்களில் நடப்பது என்ன? முதலில், வயலில் தண்ணீர் நிற்கிறது. ரேடியோ அலை நேராகவும் போகும், தரையில் பட்டுத் தெறித்தும் போகும். ஒரு தூரத்துக்கு அப்பால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்தத் தூரத்துக்குள் இடைவெளியை இரட்டித்தால் சக்தி நாலில் ஒன்றாகும். தாண்டிவிட்டால் பதினாறில் ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு பக்க ஆன்டெனாவும் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த எல்லை வெறும் 32 மீட்டர். மூன்று மீட்டருக்கு உயர்த்தினால் 288 மீட்டர். இரண்டாவது, பயிர். சி.ஆர். 1009 மாதிரி நீண்டகாலச் சம்பா ரகம் மார்கழிக்குள் ஒரு மீட்டரைத் தொட்டு நிற்கும். ஈரமான பயிர் இந்த அலைக்கு நல்ல தடுப்பு. ஆற்றங்கரை உயரமாக இருக்கும், தப்பிக்கலாம். வயலுக்கு நடுவே தாழ்வாக ஓடும் சின்ன வாய்க்காலில் வைகாசியில் ஒரு மீட்டர் கம்பத்தில் வைத்த ஆன்டெனா கார்த்திகையில் பயிருக்குள் முங்கிவிடும். மேலே பார்த்த 90 சதவீதம் 70 ஆவது இப்படித்தான்.

மூன்றாவது, சோலார். வானம் மூன்று நாள் தொடர்ந்து மூடிக் கிடந்தால் தகடு பெயருக்குத்தான் தரும். தொடர்பு மோசமாகித் திரும்பத் திரும்ப அனுப்பும் செலவு கூடுவதும் அதே மூன்று நாளில். அசைவைக் கண்டு விழிக்கும் கேமராவாக இருந்தால் மழைத் தாரையும் நீர்ச்சுழிப்பும் அதைத் தூங்கவே விடாது. மழைப் படத்தில் நுணுக்கம் அதிகம், ஜேபெக்கும் பெருக்கும். கண்ணாடியில் பனி, அதன் மேல் சிலந்தி வலை வேறு. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நாட்களில்தான் ஷட்டர் படம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு சிம் போட்ட 4ஜி கேமராவை மாட்டிவிட்டால் போகிறது என்பார்கள். சாலையோரம், டவர் பக்கம், கரண்டு உள்ள ரெகுலேட்டருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஒற்றைக் கேமராவுக்காகச் சங்கிலி கட்டுவது வீண் வேலை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் விழுந்தன, செல்போன் டவர்கள் ஓய்ந்தன, உட்கிராமங்களுக்குப் பல நாள் கரண்டு இல்லை. எல்லாக் கேமராவும் டவரையே நம்பியிருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடும். தன் சோலாரில் ஓடும் சங்கிலியில் பத்தில் எட்டுக் கம்பம் நின்றாலும் ஏதோ ஒரு பக்கத்துச் செய்தியாவது கிடைக்க வாய்ப்பு உண்டு. கேட்வேயும் தன் பேட்டரியில் நின்றால்.

அதனால் இந்த மாதிரி வலைக்கு ‘24 மணி நேரமும் தெளிவான வீடியோ’ என்று தரம் எழுதுவதில் அர்த்தமில்லை. வாங்குபவர் எழுத வேண்டியது படிப்படியாக விட்டுக்கொடுக்கும் வரிசையை. பேட்டரி நிறைவாக இருந்தால் முழுப் படம். பாதிக்குக் கீழே போனால் சிறுபடம் மட்டும். கால்வாசிக்குக் கீழே கேமராவை நிறுத்திவிட்டு மட்ட அளவு மட்டும், அதை எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது. எந்த ரெகுலேட்டரின் படத்தை முதலில் கைவிடுவது என்பதை மென்பொருள் எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது. எந்த ஷட்டர் அடைத்தால் எந்த ஊர் முங்கும் என்று தெரிந்த லஸ்கரையும் பாசன விவசாயிகளையும் உட்காரவைத்து முடிவு செய்ய வேண்டும். ஏற்புச் சோதனையையும் சித்திரையில் வைக்காமல் கார்த்திகையில் வைக்க வேண்டும்: வானம் மூடிய மூன்றாம் நாள், நள்ளிரவு, பயிர் நிற்கும்போது, மட்ட அளவு ஒரு நிமிடத்திலும் சிறுபடம் ஐந்து நிமிடத்திலும் வந்தால்தான் பில் பாஸ்.